பொதுவாத்தான் சொன்னேன்

ஜொகூரில், மாசாய் பக்கம் ஒரு மாமாக் கடை. இரவு ஒன்பதரை. மூன்று மேசைகளை இழுத்து ஒட்டிப் போட்டு ஒரு பல்கலைக்கழகம் நடந்துகொண்டிருக்கிறது. பேராசிரியர்கள் எல்லாரும் தொழில்காரர்கள். இரண்டு வயர்மேன், ஒரு வெல்டர், ஒரு ஏர்கோன் ரிப்பேர்காரர், தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய்வரும் சூப்பர்வைசர் ஒருவர். மாணவன் ஒரு தம்பி. புதிதாக வீடு வாங்கியவன். மாதக் கடன் முகத்தில் தெரிகிறது.

"அண்ணே, மழை பெஞ்சா வீட்டுல ஆர்சிசிபி விழுந்துருது. தூக்கி விட்டா நிக்க மாட்டுது."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. இடிதான் காரணம் என்றார் ஒருவர். இல்லை, சப்ளையே சரியில்லை என்றார் இன்னொருவர். மட்டமான பிராண்டு, சீனாக்காரன் சாமான் என்றார் வெல்டர், வெல்டிங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்காததால். கடைசியில் மூத்தவர் கிளாஸை மேசையில் வைத்தார். தீர்ப்பு வரப்போகிறது என்று மேசை அமைதியானது.

"இதுக்கு ஏன்லா மண்டைய ஒடச்சிக்கிற? அதக் கழட்டி வீசு. டைரக்டா குடுத்துரு. எங்க வீட்டுல ஆறு வருசமா அப்படித்தான் ஓடுது. யாரும் சாவலியே!"

ஆறு வருடமாக யாரும் சாகவில்லை. அதுதான் சோதனை அறிக்கை. ஆய்வுக்கூடம் அவர் வீட்டுக் குளியலறை. சோதனை எலிகள் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். முடிவு: திருப்தி. தம்பி தலையாட்டிக்கொண்டே எழுந்து போனான்.

அந்த ஆர்சிசிபிப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அந்த மேசையில் அதை யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது முழுக்கத் திரும்பவில்லை என்றால் நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகும் வழி ஈரச் சுவராக இருக்கலாம், பழைய ஹீட்டராக இருக்கலாம், உங்கள் மகளின் உடம்பாகவும் இருக்கலாம். எது என்று அதற்குத் தெரியாது. அதனால் யோசிக்காமல் கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் எம்சிபி இந்த வேலையைச் செய்யாது. அது வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற வரவில்லை. ஹீட்டருக்குப் போடும் 20 ஆம்பியர் எம்சிபி, 20 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். மனித இதயத்தைத் தடுமாற வைக்க 30 மில்லி ஆம்பியர் போதும். அதாவது 600 மடங்குக்கு மேல் வித்தியாசம். பழைய 40 வாட் குண்டு பல்பு இழுக்கும் கரண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை அது. இதனால்தான் நம் நாட்டு 1994 மின்சார விதிகள் ஈரத் தரை உள்ள இடத்துக்கு 10, கையில் பிடிக்கும் சாமான்களுக்கு 30, மற்றவற்றுக்கு 100 மில்லி ஆம்பியர் என்று படி கட்டி வைத்தன. மாதம் ஒருமுறை அந்தச் சின்ன டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள் என்று எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜெயா தெனாகா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இவ்வளவையும் ஒரு வாக்கியத்தில் தூக்கி வீசிவிட்டார் நம் அண்ணன். மழைக்கு அது விழுகிறது என்றால் அது கெட்டுப்போகவில்லை, வேலை பார்க்கிறது என்று அர்த்தம். நாய் குரைக்கிறது என்று நாயை அடித்துக் கொன்றுவிட்டு, "இனிமே திருடன் தொல்லை இல்ல" என்று படுக்கப் போகிறவனை என்ன சொல்வது? நம் ஊரில் அவனை அனுபவசாலி என்கிறோம்.

ஒரு வாரம் கழித்து அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். "நீங்க சொன்னபடி அந்தத் தம்பி செஞ்சி, வீட்டுல ஏதாச்சும் ஆயிட்டா?" என்றேன்.

சிரித்தார். "நான் பொதுவாத்தான் சொன்னேன். செஞ்சது அவன்தானே?"

பொதுவாத்தான். தமிழில் இதைவிடப் பாதுகாப்பான சொல் கிடையாது. எந்த ஆர்சிசிபியும் தர முடியாத பாதுகாப்பு இது. சொல்லும்போது "நீ இதச் செய்" என்று ஒருமையில், முகத்தைப் பார்த்து, விரலை நீட்டிச் சொல்வார்கள். கேட்கும்போது அதே வாக்கியம் "பொதுவா" என்று பன்மைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். புகழ் வரும்போது ஒருமை, போலீஸ் வரும்போது பன்மை. "நான் சொன்னேன்ல, சரியாயிருச்சு பாத்தியா?" என்று நெஞ்சு நிமிர்த்த அவர்களுக்கு உரிமை உண்டு. சரியாகாவிட்டால் அது உலகப் பொதுமறை.

நம் பழமொழியும் அவர்கள் கட்சி. கேப்பையில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று கேட்டார்கள் நம் முன்னோர். கேப்பையில் நெய் வடிகிறது என்று சொன்ன அயோக்கியனுக்கு மதி எங்கே போச்சு என்று ஏனோ கேட்கவில்லை. நெய் வியாபாரிகள் யாராவது கூட இருந்து எழுதிய பழமொழியோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

சட்டம் மட்டும் என்ன, யோக்கியமா? பேச்சால் கொடுத்த யோசனைக்கும் பொறுப்பு உண்டு என்று உலகத்துக்குச் சொன்ன பெரிய வழக்கு ஒன்று 1963-இல் லண்டனில் தீர்ந்தது. ஹெட்லி பர்ன் என்ற விளம்பர நிறுவனம், ஒரு வாடிக்கையாளர் பணம் கொடுக்கக்கூடியவர்தானா என்று ஹெல்லர் வங்கியிடம் கேட்டது. வங்கி நல்ல சர்டிபிகேட் கொடுத்தது. வாடிக்கையாளர் மண்ணைக் கவ்வினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. விஷயம் தெரிந்தவன் என்று நம்பி ஒருவன் கேட்க, அது தெரிந்தும் கவனமில்லாமல் பதில் சொன்னால், காசு வாங்காவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று அழுத்தமாகச் சொன்னார்கள் நீதிபதிகள். சரி, வங்கி தண்டம் கட்டியதா? இல்லை. கடிதத்திலேயே "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று எழுதியிருந்ததால் தப்பிவிட்டது. யோசனைக்குப் பொறுப்பு உண்டு என்று நிலைநாட்டிய வழக்கிலேயே யோசனை சொன்னவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார். கூடவே, ஏதோ விருந்திலோ வழியிலோ சும்மா கேட்டதற்குச் சும்மா சொன்னால் அந்தக் கணக்கு வேறு என்ற வாசலையும் திறந்தே வைத்தார்கள். எங்கள் மாமாக் கடை அண்ணன் அந்தத் தீர்ப்பைப் படித்ததில்லை. படித்தவர் மாதிரியே நடக்கிறார். தெ தாரிக் குடிக்கும் இடம் என்பதாலேயே அவர் வாய்க்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. கிளாஸ் இரண்டு வெள்ளி, வக்கீல் செலவு மிச்சம்.

ஆனால் வேலையைச் செய்பவனுக்கு இந்தச் சலுகை இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு வயரிங் முடித்த வயர்மேன் போராங் ஜி என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நான்தான் பார்த்தேன், நான்தான் முடித்தேன் என்று. சோதித்ததற்குப் போராங் எச். பெயர், சான்றிதழ் எண், கையெழுத்து. நாளைக்கு அந்த வீட்டில் பிணம் விழுந்தால் அந்தக் காகிதம் அவனைத் தேடிவரும். (அந்தக் கையெழுத்தையே வாடகைக்கு விடும் புண்ணியவான்களும் உண்டு என்று தொழிலில் இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பொதுவாத்தான்.) வயரைத் தொட்டவன் பெயர் எழுத வேண்டும். வயரைத் தொடச் சொன்னவன் பெயர் எழுத வேண்டாம். ஒரு போராங் ஜே-வும் அச்சடித்துவிடலாம்: "கீழே கையெழுத்திட்டிருக்கும் நான், இன்னார் வீட்டுப் பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றி வீசச் சொன்னேன். முதலில் நானே அந்த ஹீட்டரில் குளித்துக் காட்டினேன்." எத்தனை பேர் போடுவார்கள் பார்க்கலாம்.

கரண்டோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. ஏதாவது ஒரு பட்டறையில் போய், கழித்த எஞ்சின் எண்ணெயை என்ன செய்வது என்று கேளுங்கள். "லோங்காங்ல ஊத்திடு, மழ வந்தா போயிரும்." 2005 விதிகளில் அதற்கு எஸ்டபிள்யூ 305 என்று எண்ணே கொடுத்து, அட்டவணைக் கழிவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் போகும்தான். எங்கே போகும் என்று மட்டும் யோசனைக்காரர் சொல்ல மாட்டார். 2019 மார்ச் 7-ஆம் தேதி பாசிர் கூடாங் சுங்கை கிம் கிம்மில் யாரோ ரசாயனக் கழிவை ஊற்றினார்கள். எங்கே போயிற்று? வகுப்பறைக்குள் போயிற்று. பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மருத்துவத்துக்கு ஓடினார்கள். 111 பள்ளிக்கூடங்களை இழுத்து மூடினார்கள். மூன்று மாதத்தில் மறுபடி அதே பாசிர் கூடாங்கில் வாந்தியும் மூச்சுத் திணறலும், ஜூன் மாதம் 475 பள்ளிகள் மூடல். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "ஊத்திடு, போயிரும்" என்ற வாக்கியத்துக்கு இந்த மாநிலத்தில் வயது அதிகம்.

இதுவரை படித்துவிட்டு, பாவம் படிக்காத தொழில்காரர்களை இந்த ஆள் ஏன் இப்படி வறுக்கிறான் என்று யாராவது நினைத்தால், பொறுங்கள். வறுக்க வேண்டியவர்கள் பட்டியலில் மாமாக் கடை கடைசி வரிசை. முன்வரிசைக்குப் போவோம். அங்கே ஏர்கோன் உண்டு.

2016 அக்டோபர் 25, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு நான்கு நாள். ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே கட்டிய அந்தக் கட்டடத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையிலேயே தீப்பிடித்தது. எழுந்து ஓட முடியாதவர்கள் படுத்திருக்கும் இடம். ஆறு நோயாளிகள் செத்தார்கள். அந்த மருத்துவமனைக்குத் தீயணைப்புச் சான்றிதழே இல்லை என்ற செய்தி பிறகு வந்தது. தாமானில் ரொட்டிச் சானாய் போடுகிறவனிடம் தீயணைப்பு உருளை எங்கே என்று கேட்கிற நாடு இது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. சுயேச்சைக் குழு ஒன்றை அமைத்தது. முன்னாள் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனுஸ் தலைவர். குழு தன் வேலையைச் செய்தது. தீ எப்படி வந்தது, ஏன் பரவியது, இனி என்ன செய்ய வேண்டும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதியது. இதுதான் உண்மையான தொழில்நுட்ப யோசனை. பெயர் போட்டு, பொறுப்பேற்று, மக்கள் பணத்தில், ஆறு உயிரின் விலையில் எழுதிய யோசனை. நாட்டில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனைப் பொறியாளரும், ஒவ்வொரு வயர்மேனும், ஒவ்வொரு நர்ஸும் படித்திருக்க வேண்டிய பாடம். மாமாக் கடை மேசை மேசையாய் விவாதித்திருக்க வேண்டிய பாடம். 2018 ஜூனில் அறிக்கை முடிந்தது.

அலமாரிக்குள் போயிற்று.

2020 ஜூனில் அதே மருத்துவமனையில் மறுபடி ஒரு தீ. நல்லவேளை, சின்னது. அப்போதும் அந்த அறிக்கை மக்கள் கைக்கு வந்திருக்கவில்லை. இரண்டு வருடம்! தீக்குத் தெரிந்த ரகசியம், நோயாளிக்குத் தெரியக்கூடாத ரகசியம். எதிரி நாட்டுக்காரன் எங்கள் வார்டு கூரையைத் திருடிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தார்களோ என்னவோ.

இப்போது அண்ணனையும் அலமாரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அண்ணன் சொன்னது தப்பு, கொலைகாரத் தப்பு. ஆனால் அவர் அதை நாலு பேர் காதில் விழச் சொன்னார். அந்த மேசையில் விவரமான ஒருவன் இருந்தால், "யோவ், பிள்ளைங்க குளிக்கிற வீடுய்யா, அப்படிச் செய்யாத" என்று மறுத்திருக்க முடியும். பக்கத்து மேசைக்காரன் எழுந்து வந்து சண்டை பிடித்திருக்க முடியும். வெளியில் சொன்ன தப்பை வெளியிலேயே திருத்தலாம். அலமாரியில் பூட்டிய சரியை என்ன செய்ய முடியும்? யாரும் ஆமோதிக்க முடியாது, மறுக்க முடியாது, பின்பற்றவும் முடியாது. தெரியாதவன் ஊருக்கே கத்துகிறான், தெரிந்தவன் காதோடு ரகசியம் பேசுகிறான். நடுவில் நிற்கும் தம்பி யார் பேச்சைக் கேட்பான்? சத்தம் வரும் பக்கம்தான் திரும்புவான். அவனுக்குக் கிடைத்த ஒரே வாத்தியார் அந்த அண்ணன். அவரை வாத்தியார் ஆக்கியது அந்த அலமாரி.

சரி, பூட்டியவர்களை, ஒப்புதல் முத்திரை குத்தியவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமே என்பீர்கள். அதற்கும் இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1993 டிசம்பர் 11, உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ். மலைச்சரிவில் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடம் சாய்ந்து 48 பேர் செத்தார்கள். பதிவு பெற்ற கட்டடக் கலைஞரே அல்லாத ஒரு வரைவாளர் போட்ட பிளான் அது என்று வழக்கில் வெளிவந்தது. 2000-இல் உயர்நீதிமன்றம் வரைவாளர், பொறியாளர், கட்டியவர் என்று வரிசையாகப் பிடித்து, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு பொறுப்பு என்று எழுதியது. பேஷ், இப்போதாவது முத்திரை குத்தியவனும் மாட்டினான் என்று குடியிருந்தவர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மூச்சை நிறுத்தியது. 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு இருக்கிறது. பிளானுக்கு ஒப்புதல் கொடுத்ததற்காகவோ, கட்டடத்தைப் பார்வையிட்டதற்காகவோ ஊராட்சிமீது வழக்குப் போட முடியாது.

அந்தப் பிரிவைத் தமிழில் மொழிபெயர்க்க எனக்கு இரண்டே சொல் போதும். பொதுவாத்தான் சொன்னேன்.

மாமாக் கடை அண்ணனுக்கு வாயளவில் உள்ள சலுகை, நகராண்மைக் கழகத்துக்கு நாடாளுமன்றமே அச்சடித்துக் கொடுத்தது. அண்ணன் பாவம், சட்டம் தெரியாமல் சொந்தமாகக் கண்டுபிடித்திருக்கிறார். இனி அவரைத் திட்டும்போது கொஞ்சம் மரியாதையோடு திட்ட வேண்டும். அரசாங்க வழிமுறையைத்தானே பின்பற்றுகிறார்.

இத்தனைக்கும் யோசனை சொல்லத் தெரிந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. அந்த மேசையின் ஓரத்தில் எப்போதும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். முப்பத்தைந்து வருடம் எஸ்டேட் பேக்டரியிலும் பிறகு பாசிர் கூடாங்கிலும் வயரிங் பார்த்தவர். கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார், திருப்பிக் கேள்வி கேட்பார். எந்த வருசத்து வீடு? வெளிய பிளக் பாயிண்ட் இருக்கா? கேட்டுக்கு மோட்டார் போட்டிருக்கியா? கடைசியில், "பாக்காம சொல்ல மாட்டேன் தம்பி. ஞாயித்துக்கிழமை வரேன், வீட்டு அட்ரஸ் குடு" என்பார். மேசையில் அவருக்கு மதிப்பே இல்லை. "கெழவனுக்குக் கர்வம். ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவாரு?" என்பார்கள். காசுக்கு அலைகிறார் என்பார்கள். அவர் இதுவரை யாரிடமும் பெட்ரோல் காசு தவிர வேறெதுவும் வாங்கி நான் பார்த்ததில்லை. அன்று தம்பி கேட்டபோது அவர் ஊரில் இல்லை.

போன வாரம் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். நல்ல மழை. கூரையில் பெரும்பறை. பத்து நிமிடத்தில் பட்டென்று கடை முழுக்க இருட்டு. கடைக்காரரின் ஆர்சிசிபியே விழுந்துவிட்டது.

"டைரக்டா குடுங்க போஸ்!" என்றது இருட்டில் ஒரு குரல். எனக்குத் தெரிந்த குரல்தான்.

"வாங்கண்ணே, நீங்களே வந்து குடுங்க. நான் லைட் அடிக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

நாற்காலி நகரும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான்.

ஓரத்தில் இருந்த பெரியவர் எழுந்தார். இந்தக் கடை வயரிங் அவர் கை பட்டது. போன் வெளிச்சத்தில் பிளக் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். டிவி, பிரிட்ஜ், ரொட்டி மேடைக்கு மேலிருந்த விசிறி, பின்பக்கம் தண்ணீர் தேங்கிய தரையில் நின்ற ஐஸ் மெஷின். எல்லாம் கழற்றியதும் தூக்கிவிட்டார். நின்றது. விளக்கு வந்தது. ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னார். டிவி நின்றது. பிரிட்ஜ் நின்றது. விசிறி நின்றது. ஐஸ் மெஷினை மாட்டியதும் பட்டென்று விழுந்தது.

"இதுதான். ஒயர் நனைஞ்சி போயிருக்கு. ரிப்பேர் பண்ற வரைக்கும் மாட்டாதீங்க" என்றார். கடைக்காரர் மெஷினைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார். பெரியவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அந்த மெஷினிலிருந்துதான் அந்தக் கடைப் பையன், பதினாறு பதினேழு வயசிருக்கும், ராத்திரி முழுக்கச் செருப்பில்லாத ஈரக் காலோடு ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தான்.

விளக்கு வெளிச்சத்தில் நம் அண்ணன் முகம் தெரிந்தது. வாடிப் போயிருந்தது. வெட்கப்படுகிறார் போலும் என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

"போஸ், என் தே ஓ ஐஸ் லிமாவ் என்னாச்சு? ஐஸ் இல்லன்னா எப்படிலா கட நடத்துறீங்க?" என்றார்.